சைக்கிளை அசெம்பிள் செய்யலாம், பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பிராண்டட் வாங்கலாமா, அசெம்பிள்டு வாங்கலாமா?" என்பதுதான். சில வருடங்களாக இதே கேள்வியை எலெக்ட்ரிக் சைக்கிளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். மோட்டார், பேட்டரி எல்லாம் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே வரும் சைக்கிளை வாங்குவதா? அல்லது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் நம் சைக்கிளில் தனியாக ஒரு மோட்டார் கிட் வாங்கி மாட்டிக் கொள்வதா? 2022ல் துருவ் வித்யுத் என்ற கிட்டின் வீடியோவை ஆனந்த் மகிந்திரா ட்விட்டரில் பாராட்டி எழுதிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது.

நான் கிட் கட்சி. ஆனால் இந்தக் கட்சியில் சேர ஒரு நிபந்தனை இருக்கிறது. அது பேட்டரியைப் பற்றியது. அதில் விட்டுக் கொடுத்தால் போவது பணம் மட்டும் அல்ல. அதனால்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வீடு பெசன்ட் நகர், ஆபீஸ் மயிலாப்பூர் லஸ் அருகில். போக சுமார் 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். "சென்னை தட்டையான ஊர்தானே, மோட்டார் எதற்கு?" என்று கேட்பார்கள். உண்மைதான். என் வழியில் அடையாறு ஆற்றைக் கடக்கும் திரு.வி.க. பாலத்தை விட்டால் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் எங்களுக்கு மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பிவிடும். மந்தைவெளியிலிருந்து தெற்கே திரும்பி வரும்போது அது நேராக முகத்தில் அறையும். காலையில் காற்று இருக்காது, புழுக்கம் இருக்கும். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தால் அன்றைய நாள் முழுவதும் யாரும் பக்கத்தில் வந்து பேச மாட்டார்கள். சைக்கிளில் ஆபீஸ் போக ஆசைப்பட்டுப் பாதியில் விட்ட பலர், தூரத்துக்குப் பயந்து விட்டவர்கள் அல்லர். வியர்வைக்குப் பயந்து விட்டவர்கள். மோட்டார் உதவினால் நடப்பது போன்ற உழைப்பிலேயே மணிக்கு 20 கிலோமீட்டர் போகலாம். அடையாறு சிக்னலில் நின்று கிளம்பும்போது கிடைக்கும் அந்தச் சிறு தள்ளல் இருக்கிறதே, அதற்காகவே கிட் போடலாம்.

சரி, கிட்டில் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதே அல்ல. சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார், பிரஷ் இல்லாத டிசி மோட்டார். உங்கள் பிராசசர் மேல் சுற்றும் ஃபேனிலும், ஹார்ட் டிஸ்க்கின் தட்டைச் சுழற்றும் மோட்டாரிலும் இருப்பது இதே குடும்பம்தான். காந்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தரவேண்டும் என்று முடிவு செய்ய ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அதுதான் கன்ட்ரோலர். இதன் மூளை. பெடல் சுற்றுகிறதா என்று பார்க்க கிராங்க் அருகே காந்தங்கள் பதித்த ஒரு வட்டும் ஒரு சென்சாரும் இருக்கும். நீங்கள் மிதித்தால் மோட்டார் ஓடும், நிறுத்தினால் நிற்கும். பிரேக் பிடித்த உடனே மோட்டாரை நிறுத்துவதற்காகப் பிரேக் லீவர்களில் ஸ்விட்ச் இருக்கும். மீதி பேட்டரி, சார்ஜர், கொஞ்சம் ஒயர். மதர்போர்டில் கேபிள் செருகத் தெரிந்தவருக்கு இந்த ஒயர்களைச் செருகுவது பெரிய வித்தை அல்ல. கனெக்டர்கள் வண்ணத்தாலும் வடிவத்தாலும் பிரித்து வரும், மாற்றிச் செருகுவதே கடினம்.

சைக்கிளில் மோட்டாரை ஒட்டவைக்கும் யோசனை பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946ல் சொய்சிரோ ஹோண்டா ஜப்பானில் செய்தது இதைத்தான். ராணுவ வயர்லெஸ் செட்டுகளுக்கு மின்சாரம் தந்த சிறிய ஜெனரேட்டர் இன்ஜின்கள் உபரியாகக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிள்களில் மாட்டி விற்றார். இன்று உலகம் முழுக்க ஓடும் ஹோண்டா வண்டிகளின் தாத்தா ஒரு சைக்கிள் கிட்!

சரி, கம்பெனியே செய்து தரும்போது கிட் எதற்கு? இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் அனுபவம் உதவுகிறது. அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் ரேம் போனால் ரேம் மாற்றுவோம், எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ் மாற்றுவோம். கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கம்ப்யூட்டர் ஓடும். கிட் சைக்கிளும் அப்படித்தான். கன்ட்ரோலர் எரிந்தால் அதே வோல்ட்டேஜில், அதே கரன்ட் அளவில் வேறொரு கன்ட்ரோலர் போதும், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். மோட்டார் போனால் சக்கரத்தைக் கழற்றிப் பழைய சக்கரத்தைப் போட்டு, அன்றைக்கே சாதாரண சைக்கிளாக ஓட்டிக் கொண்டு வீட்டுக்கு வரலாம்.

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நெதர்லாந்தின் வான்மூஃப் என்ற கம்பெனியின் எலெக்ட்ரிக் சைக்கிள்கள் மிகவும் பிரபலம். பார்க்க அத்தனை அழகு. பூட்டைத் திறப்பது முதல் செட்டிங் மாற்றுவது வரை எல்லாம் மொபைல் ஆப் வழியாக. அந்த ஆப் வேலை செய்யத் தேவையான டிஜிட்டல் சாவி கம்பெனியின் சர்வரில் இருந்தது. 2023 ஜூலையில் கம்பெனி திவாலானது. சர்வர் நின்றுவிட்டால் சொந்தச் சைக்கிளையே முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போய்விடுமோ என்று வாங்கியவர்கள் பதறினார்கள். பெல்ஜியத்தின் கவ்பாய் என்ற போட்டிக் கம்பெனி, அந்தச் சாவியை முன்கூட்டியே இறக்கி வைத்துக் கொள்ள ஒரு ஆப் எழுதிக் கொடுத்தது! பிறகு வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கியதால் நிலைமை சமாளிக்கப்பட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மிதிக்க இரண்டு பெடல், பிடிக்க ஒரு ஹேண்டில்பார் உள்ள வண்டி, இன்னொரு நாட்டில் இருக்கும் சர்வரை நம்பி நிற்கிறது.

கிட்களிலும் இந்த நோய் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாகி, 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டின்போது அறிமுகமான கோபன்ஹேகன் வீல் ஓர் அற்புதமான படைப்பு. மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் மூன்றும் ஒரே சிவப்பு வட்டுக்குள். ஒயரே கிடையாது. ஆனால் கட்டுப்பாடு மொபைல் போனில். அதைத் தயாரித்த சூப்பர்பெடஸ்ட்ரியன் நிறுவனம் 2023 முடிவில் கடையை மூடியது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. ஆல் இன் ஒன் பிரிண்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

ஆகவே என் முதல் யோசனை. கடைக்காரரிடம், "மொபைல் போன் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல் இது ஓடுமா?" என்று கேளுங்கள். "ஆப்பில் ரெஜிஸ்டர் செய்தால்தான் ஆன் ஆகும்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆப் கூடுதல் வசதியாக இருக்கட்டும். சாவியாக இருக்கக் கூடாது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதியைப் பேட்டரி விழுங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் அங்கே கை வைக்கிறார்கள்.

வழக்கமான கிட் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாட் மணி. இது எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 90 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் ஒன்று 4 மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். முழுதாகச் சார்ஜ் செய்ய, இழப்பையும் சேர்த்து, அரை யூனிட்டுக்கும் குறைவு. நாமும் கூட மிதித்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட் மணி ஆகும். எனக்கு ஒரு நாளைக்கு 120 வாட் மணி. அதாவது ஒரு முழு சார்ஜில் மூன்று நாள். நான் இரண்டு நாளுக்கு ஒரு முறை போடுகிறேன்.

அந்த டப்பாவைப் பிரித்தால் (தயவு செய்து பிரிக்காதீர்கள்) உள்ளே பெரும்பாலும் 18650 என்ற ரக செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். தடிமனான பழைய லேப்டாப்களின் பேட்டரிக்குள் இருந்ததும் இவைதான். ஒரு செல் 3.6 வோல்ட். பத்தை வரிசையாகக் கோர்த்தால் 36 வோல்ட். அப்படி நான்கு வரிசை, மொத்தம் 40 செல். இந்த நாற்பதையும் மேய்ப்பதற்கு பிஎம்எஸ் என்ற ஒரு போர்டு இருக்கும். எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல், அளவுக்கு மீறிக் காலியாகாமல், அதிகக் கரன்ட் போகாமல் அது பார்த்துக் கொள்ளும். பிஎம்எஸ் இல்லாத அல்லது மட்டமான பிஎம்எஸ் உள்ள பேட்டரி, ஃபியூஸ் இல்லாத வீடு மாதிரி.

ஏமாற்று எங்கே நடக்கிறது தெரியுமா? தூக்கி எறிந்த லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உயிர் மிச்சமுள்ள செல்களைப் பொறுக்கி, புதிய பிளாஸ்டிக் உறை போட்டுப் புதுப் பேட்டரியாக்கி விற்பதில். ஒரு செல் மூன்று வருடம் உழைத்தது, பக்கத்துச் செல் ஆறு மாதம் உழைத்தது. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் பூட்டினால் பலவீனமானது முதலில் சூடாகும். லித்தியம் செல் ஒரு கட்டத்துக்கு மேல் சூடானால் அதை நிறுத்த முடியாது. தன் சூட்டினாலேயே இன்னும் சூடாகி, பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் கணக்கில், 2023ல் மட்டும் லித்தியம் அயான் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 பேர் மரணம். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து சான்றிதழ் இல்லாத எலெக்ட்ரிக் சைக்கிள்களையும் அவற்றின் பேட்டரிகளையும் விற்க அந்த நகரம் தடை போட்டது. பழைய செல்களைக் கோர்த்துச் செய்யும் பேட்டரிகளுக்கும் தடை.

நியூயார்க் வரை போக வேண்டாம். 2022 மார்ச்சில் நம் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அது கிட் அல்ல, கம்பெனி வண்டி. எனவே பிராண்டு பெயர் இருந்தால் பயமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஆண்டு நடந்த இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலாக்கியது. ஆனால் அது பதிவு எண் வாங்கும் வண்டிகளுக்கு. சைக்கிள் கிட்டுக்கென்று தனியாக வாங்கும் பேட்டரிக்கு அந்தக் காவல் கிடையாது. நாமேதான் காவல்.

எனவே செல் எந்தக் கம்பெனியுடையது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள், அவர் எத்தனை ரூபாய் குறைத்தாலும் சரி. பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரைச் செருகாதீர்கள். பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகுவது பெரிய ஆபத்து. சார்ஜ் போடும் இடம் இன்னும் முக்கியம். பெசன்ட் நகர் ஃப்ளாட்டுகளில் பலர் வாசல் கதவுக்குப் பக்கத்திலோ மாடிப்படி அடியிலோ பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைக்கிறார்கள். வெளியே ஓட இருக்கும் ஒரே வழி அதுதான் என்பதை யோசிப்பதில்லை. நான் பால்கனியில், நிழலில், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுகிறேன். மே மாத வெயிலில் நின்ற பேட்டரியை வந்த உடனே செருகுவதில்லை, ஒரு மணி நேரம் ஆற விடுகிறேன்.

"வீட்டில் பழைய யுபிஎஸ் பேட்டரி சும்மா கிடக்கிறதே, மூன்றைச் சேர்த்தால் 36 வோல்ட் வருமே?" என்று கம்ப்யூட்டர்காரர்கள் கேட்பார்கள். கணக்கு சரி. ஆனால் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல். மூன்றும் காகிதத்தில் 252 வாட் மணி தரும். மோட்டார் இழுக்கும் வேகத்தில் அதில் பெரும்பங்கு கைக்கு வராது. முழுக்கக் காலியாக்கினால் சில மாதங்களில் செத்துவிடும். யுபிஎஸ் பேட்டரி யுபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும்.

அடுத்தது வேகம். கன்ட்ரோலரின் மெனுவில் எங்கேயோ ஒரு எண்ணை மாற்றினால் 25 கிலோமீட்டர் வரம்பு கழன்றுவிடும் என்று நண்பர் யாராவது சொல்லித் தருவார். இதுவும் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது போலத்தான், கூலரை மாற்றாமல் செய்வது. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். 25லிருந்து 35க்குப் போனால் கிட்டத்தட்ட 2.7 மடங்கு. பேட்டரி, மோட்டார், ஒயர் எல்லாம் அந்த அளவுக்குச் சூடாகும். பிரேக்கோ அதே பழைய ரப்பர் கட்டை!

சட்டமும் இருக்கிறது. 1989ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் இதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. தொழிற்சாலை மாடலுக்கு இது எளிது. நம் வீட்டுச் சைக்கிளை யார் எடுத்துக் கொண்டு போய்ச் சோதிப்பது? தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதிய விதி இது. கிட்டையும் பேட்டரியையும் தனியே சோதித்துச் சான்று தரும் எளிய வழி ஒன்றை அரசு கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. வந்தால் மட்டமான பேட்டரிக்காரர்களும் வடிகட்டப்படுவார்கள். அதுவரை சோதனைச் சான்று உள்ள கிட்டையே வாங்குங்கள், 250 வாட்டைத் தாண்டாதீர்கள்.

எல்லாச் சைக்கிளுக்கும் கிட் பொருந்துமா? பொருந்தாது. தாத்தாவின் கறுப்பு சைக்கிளில் போட வேண்டும் என்று பலருக்கு ஆசை. அதில் முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின் சக்கரத்தில் 40. கிட் மோட்டார்களில் பொதுவாக 36 ஓட்டை. அந்த ரிம் அளவிலும் கிட் கிடைப்பது அபூர்வம். கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் ஸ்விட்ச் வைத்த பிரேக் லீவரை மாட்டவும் முடியாது. ஆகவே கேபிள் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ உள்ள, இரும்பு ஃபோர்க் கொண்ட சைக்கிளாகப் பாருங்கள். மோட்டாரின் அச்சு தன் பலத்தால் ஃபோர்க்கின் பிளவை விரித்துக் கொண்டு வெளியே வரப் பார்க்கும். அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்ற சின்ன இரும்புப் பட்டை உண்டு. கிட்டில் இல்லாவிட்டால் தனியாக வாங்கிப் போடுங்கள். முன் சக்கரம் ஓட்டத்தில் கழன்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள், பின்னால் ஒருவரை ஏற்றிப் போக வேண்டியவர்கள் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரே வாங்கலாம். அவர்களுக்குக் கிட் பொருந்தாது. பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர், தரமணி, மயிலாப்பூர், தி.நகர் போகிறவர்களுக்குத்தான் நான் சிபாரிசு செய்கிறேன்.

கடைசியாக, கடற்கரைவாசிகளுக்கு மட்டும். எலியட்ஸ் பீச் பக்கம் குடியிருப்பவர்களின் மதர்போர்டில் பச்சை பூப்பது பற்றிச் சர்வீஸ் இன்ஜினியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். உப்புக் காற்று சைக்கிளின் கனெக்டர்களையும் விடாது. மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து, துளி பெட்ரோலியம் ஜெல்லி தடவிச் செருகுங்கள். மோட்டாருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். தூறலுக்கு மோட்டார் அஞ்சாது. ஆனால் சக்கரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஓர் அடி உயரம்தான். நவம்பர், டிசம்பரில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாட்களில் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் 29சி பஸ்ஸைப் பிடிக்கிறேன். அதுவும் லஸ் வழியாகத்தான் போகிறது.